வான் பியூரன் கார்ட்டூன்கள்: முகப்பு அட்டையை நம்பி ஏமாறாதீர்கள்

டாம் அண்ட் ஜெர்ரி என்று தேடினால் சில சமயம் பூனையும் எலியும் வருவதில்லை. நெட்டையாக ஒருவன், குட்டையாக ஒருவன் என இரண்டு மனிதர்கள் கறுப்பு வெள்ளையில் எலும்புக்கூடுகளிடம் மாட்டிக்கொண்டு விழிப்பார்கள். பூனை எலிக் கதையின் முதல் வடிவம் இதுதான் என்று கீழே யாராவது எழுதியிருப்பார்கள். தவறு. நியூயார்க்கில் 1928 முதல் 1936 வரை மட்டும் இயங்கிய வான் பியூரன் என்ற கார்ட்டூன் ஸ்டுடியோவின் ஜோடி இது; அவர்கள் பெயரும் டாம், ஜெர்ரிதான். 1931 முதல் 1933 வரை 26 படங்களில் வந்தார்கள். எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் நிறுவனத்தின் பூனையும் எலியும் வந்தது 1940-இல்தான். பூனைக்கும் எலிக்கும் அந்தப் பெயர்கள் எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்குள் நடந்த போட்டியில் கிடைத்தவை. பூனை எலியைப் படைத்த இருவரில் ஒருவரான ஜோசப் பார்பெரா இளம் வயதில் வான் பியூரனில் வேலை பார்த்தவர்தான். அதை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கதையிலும் சரி, உருவத்திலும் சரி, இரண்டுக்கும் ஒட்டே கிடையாது.

இதைவிட அதிகம் பேர் சறுக்குவது லோகோவில். தொடக்கத்தில் பாத்தே நிறுவனத்தின் சேவல் வந்தால் அது பாத்தே தயாரித்த கார்ட்டூன் என்றும், பூமி உருண்டைமேல் நிற்கும் ஒலிபரப்புக் கோபுரம் வந்தால் ஆர்கேஓ என்ற ஹாலிவுட் நிறுவனம் தயாரித்தது என்றும் குறித்துவிடுகிறார்கள். இரண்டும் விநியோகம் செய்தவர்களின் அடையாளங்கள். படங்களை முதலில் பாத்தே வெளியிட்டது. 1931-இல் பாத்தே ஆர்கேஓ கைக்குப் போனதும் விநியோகமும் அந்தப் பக்கம் போனது. படம் வரைந்தது வான் பியூரன் ஆட்கள்.

அப்புறம் 1940-களில் இந்தப் படங்கள் அஃபிஷியல் ஃபிலிம்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தன. வீட்டு புரொஜெக்டர்களுக்கான பிரதிகளில் அவர்கள் தொடக்கத்தில் படத்தின் பெயர் வரும் பழைய முகப்பை வெட்டிவிட்டுத் தங்கள் அட்டையை ஒட்டினார்கள். எம்ஜிஎம்மின் பூனை எலி அதற்குள் பிரபலமாகிவிட்டதால் வான் பியூரனின் டாமும் ஜெர்ரியும் டிக், லாரி ஆனார்கள். கபி பேர் என்ற கரடிக்குட்டி பிரவுனி பேர் ஆனது. இன்று இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகள் அங்கிருந்து வந்தவை. எனவே அட்டையில் இருக்கும் பெயரை வைத்துப் பட்டியல் போட்டால் ஒரே படம் இரண்டு தொடர்களில் ஏறிவிடும். முகப்பை ஒதுக்கிவிட்டு உள்ளே வரும் காட்சிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அசல் முகப்பு தப்பிப் பிழைத்த பிரதி கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், அது அரிய பொருள்.

முதல் ஒலிக் கார்ட்டூன் யாருடையது என்பதில் டிஸ்னி ரசிகர்கள், வான் பியூரன் ரசிகர்கள் என இரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். வான் பியூரனின் 'டின்னர் டைம்', டிஸ்னியின் 'ஸ்டீம்போட் வில்லி' 1928 நவம்பரில் வருவதற்கு முன்பே மக்களுக்குக் காட்டப்பட்டது. ஆனால் உலகின் முதல் ஒலிக் கார்ட்டூன் அதுவும் அல்ல. ஃபிளைஷர் சகோதரர்கள் 1920-களின் நடுவிலேயே ஒலியோடு பாட்டுக் கார்ட்டூன்கள் எடுத்துவிட்டார்கள். 'டின்னர் டைம்' இயக்கிய பால் டெரி 1929-இல் வெளியேறிவிட்டார். அதற்குப் பிறகு வந்த, வான் பியூரனின் ஈசாப் கதைத் தொடர் படங்களை அவர் கணக்கில் எழுதாதீர்கள்.

அந்தப் படங்களில் மிக்கியைப் போலவே இருக்கும் எலிகளைப் பார்த்து இது டிஸ்னியின் தொலைந்த படம் என்று பகிர்பவர்களும் உண்டு. டிஸ்னி அந்த எலிகளுக்காக 1931-இல் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது.

ஃபீலிக்ஸ் பூனையும் இவர்கள் படைப்பல்ல. மௌனப்பட காலத்திலேயே புகழ் பெற்ற பூனை அது; வான் பியூரன் 1936-இல் வண்ணத்தில் எடுத்தது மூன்றே படங்கள்.

எனக்கு ஆற்றாமை தருவது கடைசித் தவறு: படங்கள் மட்டமாக இருந்ததால் ஸ்டுடியோ மூடப்பட்டது என்ற பேச்சு. 1934-இல் டிஸ்னியிலிருந்து 'மூன்று பன்றிக்குட்டிகள்' இயக்குநர் பர்ட் ஜில்லெட்டைக் கொண்டுவந்து, ரெயின்போ பரேட் என்ற வண்ணத் தொடரைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் இரு வண்ண முறைதான், ஏனென்றால் வண்ணப்பட நிறுவனமான டெக்னிகலரின் மூவண்ண முறையைக் கார்ட்டூனுக்குப் பயன்படுத்தும் தனியுரிமை 1935 வரை டிஸ்னியிடம் இருந்தது. அது முடிந்ததும் மூவண்ணத்துக்கு மாறினார்கள். படங்கள் ஆண்டுக்கு ஆண்டு மெருகேறிக்கொண்டிருந்தன. 1936-இல் ஆர்கேஓ டிஸ்னியோடு விநியோக ஒப்பந்தம் போட்டது. வான் பியூரனுக்கு அங்கே இடமில்லாமல் போனது; ஸ்டுடியோ மூடப்பட்டது அதனால்தான். படங்களின் தரத்தில் சந்தேகம் இருந்தால் 1935-இல் வந்த 'தி சன்ஷைன் மேக்கர்ஸ்' படத்தைப் பாருங்கள். சூரிய ஒளியைப் பால் பாட்டிலில் அடைத்து, சோகமே வாழ்க்கையென்று இருக்கும் நீல நிறப் பூதங்கள்மேல் குள்ளர்கள் வீசுகிறார்கள்.