தெருப்பூனைக்குக் கருத்தடை: கூண்டு கடைசியில்தான் வரும்

முதல் தடவை நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். கூண்டு கைக்கு வந்த அன்றே மீனை வைத்தேன், அரை மணி நேரத்தில் ஒரு கருப்புப் பெட்டை உள்ளே. பெரிய சாதனை செய்த நினைப்பில் டாக்டருக்குப் போன் போட்டால், இன்னும் நாலு நாளைக்கு ஆபரேஷனுக்கு நேரமே இல்லையாம். ஆள் வாடையே பிடிக்காத ஒரு பூனையை நாலு நாள் கம்பிக்கூண்டில் அடைத்து வைக்க முடியாதே, திறந்துவிட்டேன். அதற்குப் பிறகு அது கூண்டைக் கண்டாலே பத்தடி தள்ளி நின்று முறைக்கும். இரண்டு மாதம் கழித்துக் குட்டிகளோடு வந்தது.

அதனால் தேதி முதலில், கூண்டு கடைசியில். மற்றதெல்லாம் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிச் செய்ய வேண்டிய வேலை.

முதலில் கணக்கு எடுங்கள்

சாப்பாடு வைக்கும் இடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து எத்தனை பூனை, எது கடுவன், எது பெட்டை, எதற்கு வயிறு பெருத்திருக்கிறது, எது பால் கொடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். காது நுனியைக் கட்டாயம் பாருங்கள். ஒரு காது மட்டும் நேர்க்கோட்டில் வெட்டியதுபோல மொட்டையாக இருந்தால் அதற்கு ஏற்கனவே கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம், அதை விட்டுவிடலாம். சண்டையில் கிழிந்த காது இப்படி இருக்காது, பிசிறுபிசிறாக இருக்கும். கிட்ட வந்து காலை உரசுகிற பூனை என்றால் யாரோ வளர்த்ததாக இருக்கலாம், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

பெட்டைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். 4 மாதத்திலேயே சினை பிடிக்கக்கூடிய பிராணி இது, சினைக்காலம் 63 முதல் 65 நாள்தான், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் கணக்கு கையை மீறிப் போய்விடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பழகாத பூனையைத் தொடுவதில்லை, அதனால் கூண்டோடு கொண்டுவந்தால் பார்ப்பீர்களா என்று நேராகவே கேளுங்கள். தையல் தானாகக் கரையும் நூலில் போட வேண்டும், ஏனென்றால் தையல் பிரிக்க அந்தப் பூனையை நீங்கள் இரண்டாவது முறை பிடிக்கப்போவதில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி (பூனைக்கும் அது வேண்டும்), வலி ஊசி, காது நுனி வெட்டு மூன்றையும் அதே மயக்கத்தில் முடிக்கச் சொல்லுங்கள். காதை வெட்டுவதா என்று நானும் முதலில் முகம் சுளித்தேன். ஆனால் அந்த அடையாளம் இல்லாவிட்டால் வேறு யாராவது அதே பூனையைப் பிடித்து மறுபடி மயக்க ஊசி போட வைப்பார்கள். குட்டிகளுக்கு 8 வாரம் ஆகி, எடை ஒரு கிலோ அளவு இருந்தால் பல டாக்டர்கள் செய்வார்கள்.

கூண்டைப் பழக்குவது

தேதிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சாப்பாடு. பூனைக்கு நேரம் தெரியும், நம்மைவிட ஒழுங்காக வரும். கூண்டை அங்கேயே வைத்து, கதவு விழாதபடி கயிற்றால் கட்டிவிட்டு, தட்டை முதல் நாள் வாசலில் வைத்து நாளுக்கு நாள் உள்ளே தள்ளிக்கொண்டே போங்கள். கடைசி நாளில் தட்டு கூண்டின் மறுகோடியில் இருக்க வேண்டும். தரை சமமாக இருக்கட்டும், கால் வைக்கும்போது கூண்டு ஆடினால் அவ்வளவுதான், திரும்பிப் பார்க்காது.

பிடிக்கும் நாளுக்கு முந்தைய நாள் சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். பசி இருந்தால்தான் உள்ளே வரும், மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறும் காலியாக இருக்கும். பக்கத்து வீட்டில் யாராவது பாசத்தில் ஒரு கிண்ணம் வைத்துவிட்டால் உங்கள் ஒரு வார வேலை போச்சு, அவர்களிடமும் சொல்லி வையுங்கள். சின்னக் குட்டிகளை மட்டும் இப்படிப் பட்டினி போடக் கூடாது.

பிடிக்கும் நேரம்

கூண்டின் அடியில் செய்தித்தாள் விரித்து, வாசலிலிருந்து துளித்துளியாக மீனைப் போட்டு, பெரிய துண்டை மிதிபலகைக்கு (பூனை கால் வைத்ததும் கதவை விழவைக்கும் தட்டு) அப்பால் வையுங்கள். மத்தி மாதிரி வாடை தூக்குகிற எண்ணெய் மீன் நன்றாக வேலை செய்யும். பிறகு தள்ளிப் போய் ஒளிந்து உட்காருங்கள், ஆனால் கூண்டைக் கண்ணிலிருந்து விடாதீர்கள். வெயிலோ மழையோ நாயோ, மாட்டிக்கொண்ட பூனையால் எங்கேயும் ஓட முடியாது.

கதவு விழுந்ததும் உள்ளே பெரிய கலவரம் நடக்கும். மோதும், கத்தும், கம்பியில் மூக்கைத் தேய்த்துக்கொள்ளும். பதறாமல் போய் ஒரு கனமான துணியால் கூண்டை முழுசாக மூடுங்கள். இருட்டானதும் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். இந்த வேலையில் ஒரே ஒரு பொருள்தான் அவசியம் என்றால் நான் அந்தத் துணியைத்தான் சொல்வேன். துணி போட்ட பிறகு எட்டிப் பார்க்க வேண்டும் என்று கை குறுகுறுக்கும், வேண்டாம். தூக்குவதற்கு முன் கதவைக் கம்பியாலோ கொக்கியாலோ பூட்டுங்கள். விரலை உள்ளே விடவே விடாதீர்கள். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி, மேலே சின்ன ஓட்டைதான் தெரியும், உள்ளே சீழ் வைத்துவிடும்.

பிடித்தது பால் கொடுக்கும் தாய் என்று தெரிந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் பால் கொடுக்க முடியும், நன்றாகத் தெளிந்ததும் சீக்கிரம் குட்டிகளிடம் கொண்டுவிட வேண்டும்.

கூண்டுக்கு ஏமாறாத என் கருப்புப் பெட்டையைக் கடைசியில் வேறு விதமாகத்தான் பிடித்தேன். கூடையைக் குச்சியில் முட்டுக்கொடுத்து நிறுத்திக் குருவி பிடிப்பார்களே, அதே வித்தைதான், கூடைக்குப் பதிலாகக் கனமான பெரிய வலைச் சட்டம். அடியில் சாப்பாடு, குச்சியில் கட்டிய கயிறு என் கையில். தலையைத் தட்டில் கவிழ்த்துச் சாப்பிடத் தொடங்கியதும் இழுத்தேன். உடனே மேலே துணி, அப்புறம் சட்டத்தின் கதவோடு கூண்டை ஒட்டி வைத்து அதற்குள் மாற்றினேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு

மயக்கம் தெளியும்வரை பூனையால் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது, அதனால் கதகதப்பான, சத்தமில்லாத அறை வேண்டும், கூண்டின் மேல் துணியும் அப்படியே இருக்கட்டும். நன்றாக நிமிர்ந்து உட்காரும்வரை சாப்பாடோ தண்ணீரோ வேண்டாம். குட்டியாக இருந்தால் எப்போது கொடுக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் சொட்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, நேரமாகியும் எழாவிட்டாலோ காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். கடுவனை ஒரு நாளும் பெட்டையை ஒன்றிரண்டு நாளும் வைத்திருந்தால் பொதுவாகப் போதும். கடுவனுக்கு ஆபரேஷன் ஆன பிறகும் சில வாரங்கள் சினைப்படுத்தும் திறன் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

விடுவது பிடித்த அதே இடத்தில்தான். நல்ல இடமாகப் பார்த்து வேறெங்காவது விட்டால் அது திரும்பி நடக்கப் பார்த்து வழியில் அடிபடும், இங்கே காலியான சாப்பாட்டுக்குப் புதுப் பூனைகள் வரும். கூண்டின் வாய் ரோட்டைப் பார்க்காமல் மறைவான இடத்தைப் பார்க்கும்படி வைத்துக் கதவைத் திறந்துவிட்டுப் பின்னால் நில்லுங்கள். அம்பு மாதிரி பாய்ந்துவிடும், நன்றியெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஓரிரு நாள் தலை காட்டாது, நீங்கள் பழைய நேரத்துக்கே சாப்பாடு வைத்துக்கொண்டிருங்கள். கூண்டை அன்றே கழுவி வெயிலில் காயவையுங்கள், முந்தைய பூனையின் மூத்திர வாடை இருந்தால் அடுத்தது வாசலோடு திரும்பிவிடும்.