வேலூர் வீட்டில் நின்ற கார் கிளம்பவில்லையா?

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ மாதக்கணக்கில் சும்மா நின்ற கார், நீங்கள் ஊருக்கு வந்த அன்று கிளம்பாவிட்டால் உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் பேட்டரியில்தான் இருக்கும். ஆனாலும் சார்ஜ் ஏற்றினாலே தேறிவிடும் பேட்டரியைத் தூக்கிப் போடக் கூடாது.

சாவியைத் திருப்பும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள். எலிப் புழுக்கை, தேங்காய் நார், துணிக் கிழிசல் கிடந்தால் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் எலி கூடு கட்டும். கடிபட்ட ஒயரோடு செல்ஃப் அடித்தால் ஷார்ட் ஆகி, சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும். அப்படியே விட்டு, ஆட்டோ எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

எலி வேலை இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் காது கொடுங்கள். 'டக் டக் டக்' என்று அடித்து டேஷ்போர்டு விளக்கு மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் (பேட்டரியில் ஒயர் மாட்டும் முனை) பிடிக்கவில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்து ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டார் பக்கம் பாருங்கள். சத்தமே இல்லையா? கிளட்ச் முழுக்க மிதிபட்டிருக்கிறதா, ஆட்டோமேட்டிக் என்றால் கியர் 'பி'யில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் 10 எம்எம் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் கழற்றுங்கள். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து பிரஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்து, பாசிட்டிவை முதலில் மாட்டுங்கள். சில வண்டிகள் இதிலேயே கிளம்பிவிடும்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தால் 12.6 வோல்ட் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் காலி. பேட்டரி கடையில் இரவு முழுக்க சார்ஜ் போடச் சொல்லுங்கள். அதன் பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் மாற்றத்தான் வேண்டும். வேலூர் வெயிலில் பேட்டரி மூன்று நான்கு வருடம் உழைத்தாலே பெரிது. ஜம்ப் கேபிள் போட்டால் கடைசிக் கறுப்பு முனையை உங்கள் வண்டியின் பேட்டரியில் வைக்காமல் இன்ஜின் இரும்பில் வையுங்கள். பேட்டரியில் தீப்பொறி பட்டால் ஆபத்து. கிளம்பியதும் 13.5 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால், சாவியை 'ஆன்' செய்து பின் சீட்டுப் பக்கம் கேளுங்கள். பெட்ரோல் வண்டியில் பம்ப் இரண்டு விநாடி முனக வேண்டும். முனகாவிட்டால் பம்ப் ஃப்யூஸ், ரிலே பாருங்கள். சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அறியவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பல மாதம் கிடந்திருந்தால் புது பெட்ரோல் பத்து லிட்டர் ஊற்றுங்கள். டீசல் வண்டியில் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிடுங்கள். எதுவானாலும் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு அடியுங்கள்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அழைக்கலாம்.

பேட்டரி மறுபடி இறங்காமல் இருக்க, ஊரிலிருந்து திரும்ப விமானம் ஏறும் முன் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். அதன் பிறகு சென்ட்ரல் லாக் வேலை செய்யாது, கதவைச் சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.