கல்யாணக் கார்டு வைரஸ் ஊருக்குள் எப்படிப் பரவும்? தாளில் போட்டுப் பார்க்கும் முறை

கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஓர் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை ஏற்றும் கோப்பு, வரும். அதை நிறுவினால் போனுக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். பணம் மாற்றுவதை உறுதிசெய்யும் ஒருமுறை எண்ணை (டேக்) வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் அதுவும்தான். மலேசியாவில் பலர் பணத்தை இப்படித்தான் இழந்தார்கள். சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் இது எப்படிப் பரவும் என்று கணிக்க, என்னிடம் டியூஷன் வரும் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. தொடங்க ஒரு மணிலா தாள் போதும்.

இடப்பக்கம் குழுக்களை எழுதுங்கள்: தோட்டத்துக் கோவில் திருவிழா, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர், மரண சகாய நிதி, பந்து விளையாடும் பையன்கள், தாமான்வாசிகள் (வீடமைப்புப் பகுதிக்காரர்கள்). வலப்பக்கம் ஆட்கள். யார் எதில் இருக்கிறாரோ அங்கே கோடு. ஆட்களுக்கு எண் போதும், பெயர் வேண்டாம். ஊர்க்காரர்களின் போன் பட்டியலை வைத்துப் பாடம் நடத்துவது அழகல்ல. சோதனைக்கென்று பொய்க் கோப்பு அனுப்புவதும் கூடாது.

அப்புறம் நிறம். 1927இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் தொற்றுநோய்க்குக் கணக்குப் போட்டபோது மக்களை மூன்றாகப் பிரித்தார்கள். 1991இல் ஐபிஎம் கணினி நிறுவனத்தில் கெப்ஹார்ட்டும் ஒயிட்டும் தொற்றுநோய்க் கணக்கைக் கணினி வைரஸுக்குக் கொண்டுவந்தார்கள். மாட்டக்கூடியவர் பச்சை, மாட்டியவர் சிவப்பு, இனி மாட்டாதவர் நீலம். நான் மஞ்சளையும் சேர்ப்பேன், ஐபோன்காரருக்கு. ஏபிகே ஐபோனில் ஏறாது. ஆனால், ‘யாரோ நம்ம சொந்தம்தான் போல’ என்று அவரே அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவார். இந்த ஆள் பழைய சூத்திரத்தில் கிடையாது, நம் ஊரில் நிறைய உண்டு.

2005இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் கிளம்பிய சாமி (Samy) என்ற புழு, அதாவது தானே பரவும் நிரல், ஒரே நாளுக்குள் பத்து லட்சம் கணக்குகளைத் தாண்டியது. பக்கத்தைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் ரகம் அது. நம்முடையது அப்படியில்லை: முதலில் தொட வேண்டும், பிறகு எச்சரிக்கையைத் தாண்டி அனுமதி கொடுக்க வேண்டும். பத்தில் ஒருவர் தொடுகிறார், தொட்டவரில் நான்கில் ஒருவர் அனுமதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதில் ஒருவர். இது என் ஊகம்தான், மாற்றிப் பாருங்கள்.

இனிதான் முக்கியமான இடம். மாட்டிய ஒருவர் மூன்று குழுவில் இருக்கிறார், குழுவுக்கு 40 பேர். மூன்றிலும் கோப்பு போனால் 120 பேர், அதில் மூவர் மாட்டுவார்கள். ஒருவரிடமிருந்து மூவர் என்றால் காட்டுத்தீதான். ஆனால் தாளைப் பாருங்கள். கோவில் குழுவில் இருப்பவரே மரண சகாய நிதியிலும் இருக்கிறார், பெற்றோர் குழுவிலும் இருக்கிறார். தனித்தனி ஆட்களை எண்ணினால் 48 பேர்தான். அப்போது 48ஐ 40ஆல் வகுக்க 1.2. ஒன்றுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். குழுவைக் கூட்டிக் கணக்குப் போடுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். ஒரே கார்டு மூன்று குழுவில் தெரிந்தால் சிலர் நம்புவார்கள், சிலருக்குச் சந்தேகம் வரும். வசதிக்காக அதை விட்டுவிடுகிறேன்.

இந்த இறுக்கமான கூட்டத்தை விட்டு நோய் வெளியே போக ஓர் ஆள் வேண்டும். தோட்டத்தை விட்டு ஜொகூருக்கு வேலைக்குப் போன மகன் இன்னும் கோவில் குழுவில் இருப்பான், தொழிற்சாலைக் குழுவிலும் இருப்பான். அவன் கோட்டைத் தடிமனாகப் போடுங்கள்.

ஓட்டிப் பார்க்க, பையில் 40 ரப்பர் கொட்டை, ஒன்றுக்குச் சிவப்புச் சாயம். பச்சை ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு கொட்டை எடுத்துத் திரும்பப் போடுங்கள். சிவப்பு வந்தால் அவர் மாட்டினார், அடுத்த சுற்றில் அவருடைய குழுக்கள். சுற்றுக்கு அரை நாள் வையுங்கள். விடியலில் ரப்பர் மரம் சீவப் போனவர் போனைப் பார்ப்பது வெயில் ஏறித்தான். 1.2இல் பல ஓட்டங்கள் முதல் சுற்றிலேயே செத்துவிடும், சில ஊரையே சுற்றும். அதனால் பலமுறை ஓட்டுங்கள். கை வலித்தால் கணினியில் ஓட்ட பைத்தான் நிரல்மொழியும், அதில் இப்படிப்பட்ட வலைப்பின்னல்களைக் கையாளும் நெட்வொர்க்எக்ஸும் இருக்கின்றன.

‘அதத் தொடாதீங்க’ என்று ஓர் அக்கா அனுப்பும் குரல் பதிவையும் இன்னொரு தொற்றாக ஓட்டுங்கள். அது பச்சையை நீலமாக்கும், சிவப்பைத் தொடாது. சிவப்புக்காரர் வங்கிக்கும், மோசடிப் புகார் எண்ணான 997க்கும் அழைத்து, போனைச் சுத்தம் செய்தால்தான் நீலம்.

யாரை முதலில் எச்சரிப்பது? கண்ணை மூடி ஓர் எண்ணைத் தொட்டு, அவரோடு ஒரே குழுவில் இருக்கும் இன்னொருவரைக் குருட்டுவாக்கில் எடுத்து, அந்த இரண்டாமவரை நீலமாக்குங்கள். பல குழுவில் இருப்பவர்தான் இப்படி அதிகம் சிக்குவார். கோஹன், ஹாவ்லின், பென் அவ்ரஹாம் மூவரும் 2003இல் எழுதிய யோசனையின் சாரம் இது. எங்கள் தாளில் பெரும்பாலும் கோவில் செயலாளர்தான் வந்து விழுவார்.