கப்படோக்கியா போகிறீர்களா? பலூனை முதல் நாளே வையுங்கள்

துருக்கியில் கப்படோக்கியா போகிறவர்கள் பலரும் வெப்பக்காற்று பலூன் பயணத்தைக் கடைசி நாளில் வைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் வைத்தேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, குளித்து, ஸ்வெட்டர் மாட்டி வாசலில் நின்றபோது காற்று பலமாக இருக்கிறது, இன்று பலூன் இல்லை என்று செய்தி வந்தது. மறுநாள் காலை ஊர் திரும்ப டிக்கெட்!

அங்கே காற்றின் வேகம் பார்த்துத்தான் அனுமதி தருவார்கள். குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாள்கூடத் தொடர்ந்து ரத்தாகும். அதனால் வந்திறங்கிய மறுநாள் காலைக்கே பதிவு செய்யுங்கள். ரத்தானாலும் அடுத்த நாள் கையில் இருக்கும். ரத்தானால் பணம் முழுசாகத் திரும்புமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கோடையிலும் விடியற்காலை குளிரும். அங்குள்ள கோரெமே ஊரே கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆனால் பலூனில் தலைக்கு மேலே அடுப்பு எரிவதால் குல்லா போட்டால் உச்சி சுடாது.

நடைக்கு கோரெமேயிலிருந்து உச்சிசார் என்ற ஊருக்குப் போகும் புறாப் பள்ளத்தாக்கு போதும், சுமார் 4 கிலோமீட்டர். பாறையில் குடைந்த புறா மாடங்களைப் பாருங்கள். எச்சத்தை உரமாக்கவே குடைந்தார்களாம்! பாறையெல்லாம் எரிமலைச் சாம்பல் இறுகியது, நகத்தால் கீறினாலே பொடி உதிரும். இறக்கத்தில் அந்தப் பொடிதான் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். அப்புறம், தண்ணீர் பாட்டிலை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.