கோவைக் குளக்கரைகளில் ஒரு நாள்: புதிதாகச் சைக்கிள் எடுப்பவர்களுக்கான வழிகாட்டி

கோவையில் சைக்கிளில் நாள் முழுக்கச் சுற்ற நினைத்தால், முதலில் மேற்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். நொய்யல் மேற்கே வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கி வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் அந்தப் பக்கமிருந்துதான், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும். மேற்கே போகப் போக நிலமும் மெல்ல உயரும். கண்ணுக்குத் தெரியாத ஏற்றம், ஆனால் தொடைக்குத் தெரியும். ஆகவே உடம்பு புதிதாக இருக்கும் காலையிலேயே மேற்கே போய்விட வேண்டும். திரும்பும்போது சரிவும் காற்றும் சேர்ந்து தள்ளிவிடும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, பத்து மணி வெயிலில் எதிர்காற்றில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாதை இதுதான்: சுங்கம் பக்கம் வாலாங்குளத்தில் தொடங்கி, உக்கடம் பெரியகுளம், அங்கிருந்து பேரூர், மறுபடி உக்கடம். மதியம் ஓய்வு. மாலையில் ஆத்துப்பாலம் தாண்டிக் குறிச்சி குளம். கடைசியில் சுங்கம் திரும்புவதையும் சேர்த்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் ஓட்டுவது மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மீதி நேரம் குளத்தைப் பார்க்கத்தான்.

எந்த மாதம்

ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை நல்லது. மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்து நொய்யலில் வெள்ளம் வந்தால், அணைக்கட்டு வாய்க்கால்கள் வழியாகக் குளங்கள் நிறையும். நகருக்குள் பலத்த மழை பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில்தான். மார்ச்சுக்குப் பிறகு தண்ணீர் வற்றி, ஆகாயத்தாமரையும் கொசுவும் நாற்றமும் கூடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து வரும். அப்போது போகும்போது சுலபம், திரும்பும்போதுதான் கஷ்டம். அந்த மாதங்களில் காற்று வலுக்கும் முன், எட்டரை மணிக்கே பேரூரிலிருந்து கிளம்பிவிடுங்கள்.

முதல் நாள் இரவு: சைக்கிளைப் பார்ப்பது

கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளே இந்தப் பாதைக்குப் போதும். ஆனால் நான்கு விஷயங்களைச் சரிபார்க்காமல் கிளம்பக் கூடாது.

1. சீட் உயரம். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரி. சீட் தாழ்ந்திருந்தால் 10 கிலோமீட்டருக்குள் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். பலர் உடம்பில் தெம்பில்லை என்று நினைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தச் சீட் கோளாறுதான்.

2. காற்று. 26 அங்குல அகல டயருக்கு 40 முதல் 50 பிஎஸ்ஐ (பம்பு மீட்டரில் காட்டும் காற்றழுத்த அளவு), 700 அளவு ஹைபிரிட் டயருக்கு 55 முதல் 70. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்ட வேண்டாம். காற்று குறைந்தால் மிதிப்பது கனக்கும். குழியில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும்.

3. பிரேக். லீவரை முழுதாக அழுத்தினாலும் கைப்பிடிக்கும் லீவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் கேபிளை இறுக்குங்கள்.

4. செயின். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, பெடலைப் பின்னோக்கி இருபது சுற்று சுற்றி, வெளியே வழிவதைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். புழுதியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

பையில்: 750 மில்லி தண்ணீர் பாட்டில் இரண்டு, கூடுதல் டியூப் ஒன்று, டயர் லீவர் (டயரை ரிம்மிலிருந்து கிளப்பும் நெம்பு) இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், சின்ன பம்பு, பூட்டு, முன்விளக்கு, சிவப்புப் பின்விளக்கு. உங்கள் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால், அதற்கான பித்தளை அடாப்டர் கட்டாயம். தெருவோரப் பஞ்சர் கடைகளில் சாதாரணச் சைக்கிளுக்கும் பைக்குக்கும் ஏற்ற முனைதான் இருக்கும். சின்னப் பொருள்தான், இல்லாவிட்டால் பயணம் அங்கேயே நிற்கும்.

காலை 5:45, வாலாங்குளம்

சுங்கம் பக்கம் தொடங்குங்கள். திருச்சி சாலை மேம்பாலத்தில் ஏற வேண்டாம், கீழ்ச்சாலையே நமக்கு. குளக்கரை நடைபாதைகள் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சீரமைக்கப்பட்டவை. ஆனால் அதிகாலையில் அவை நடப்பவர்களுக்குத்தான் சொந்தம். சைக்கிளை உள்ளே விடலாமா என்று வாசலில் இருக்கும் காவலரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். கூட்டம் இருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். வயதானவர்கள் பின்னால் மணி அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவார்கள் என்று சொல்ல முடியாது. பத்தடி முன்னாலேயே ஒரு முறை அடித்து, வேகத்தைக் குறையுங்கள்.

கரையில் நாய்கள் துரத்தினால் மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்து மெல்ல நடங்கள். ஓடும் சக்கரம் நின்றால் பெரும்பாலும் துரத்தலும் நின்றுவிடும்.

இங்கிருந்து உக்கடம் சுமார் 3 கிலோமீட்டர்.

உக்கடம் சந்திப்பு

நாளிலேயே கடினமான 500 மீட்டர் இதுதான். பொள்ளாச்சி, பாலக்காடு பேருந்துகள் நிலையத்திலிருந்து வெளியே வரும்போது இடது ஓரமாக ஒடிக்கும். பேருந்துக்கும் நடைமேடைக்கும் நடுவே நுழையவே கூடாது. தயங்காமல் இறங்கி, நடப்பவர்களோடு சேர்ந்து கடந்துவிடுங்கள். மீன் மார்க்கெட் பக்கம் காலையில் ஐஸ் தண்ணீர் ஓடிச் சாலை வழுக்கும். அங்கே முன்பிரேக்கைத் தனியாக அழுத்தினால் முன்சக்கரம் சறுக்கிவிடும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாக அழுத்துங்கள்.

பெரியகுளம்

300 ஏக்கருக்கும் மேல் விரிந்த நீர். இதை அவசரமாகக் கடப்பது பெரும் நஷ்டம். அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஓரத்துக் கோரைக்குள் ஊதா நிறத்தில் நடமாடுவது நீலத் தாழைக்கோழி. நடுநீரில் திடீரென்று மூழ்கி வேறெங்கோ எழுவது முக்குளிப்பான். கூழைக்கடாக்கள் கூட்டமாக இறங்கும் நாள் வாய்த்தால் அன்றைய மீதித் திட்டத்தை விட்டுவிட்டு அங்கேயே உட்காரலாம். ஒன்று மட்டும்: குளத்து நீரில் முகம் கழுவவோ டியூப்பை முக்கிப் பார்க்கவோ வேண்டாம். நகரின் சாக்கடையும் இதில்தான் சேர்கிறது. சிறுவாணித் தண்ணீரை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு வாருங்கள். அது கேரளத்து மலையிலிருந்து குழாயில் நமக்கு வருவது.

பேரூர் வரை

குளக்கரையை ஒட்டிய பேரூர் புறவழிச்சாலையில், செல்வபுரம் வழியாக, சுமார் 6 கிலோமீட்டர். வெயில் முதுகில் அடிக்கும். பின்னால் வரும் வண்டிக்காரர்களுக்கு நீங்கள் தெளிவாகத் தெரிவீர்கள். திரும்பும்போது இது மாறும், சூரியன் கண்ணில் அடிக்கும். அதனால் முன்விளிம்புள்ள தொப்பியோ ஹெல்மெட்டோ போடுங்கள், சட்டை பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும்.

தாகம் எடுக்கும் முன்பே, 15 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். பேரூரில் பட்டீசுவரரைக் கும்பிட்டு, கோயிலின் கனகசபை மண்டபத்துச் சிற்பத் தூண்களைப் பார்த்துவிட்டு, நொய்யல் படித்துறைக்கு வாருங்கள். அமாவாசையன்றும் ஆடிப்பெருக்கன்றும் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் சைக்கிளோடு நுழைய முடியாது, வேறு நாள் பாருங்கள். சிற்றுண்டி இட்லியோடு நிற்கட்டும். நெய்ப் பொங்கல் திரும்பும் வழியில் கண்ணைச் சொருகவைக்கும்.

முள் ஏறினால்

குளக்கரைகளில் சீமைக் கருவேல முள் அதிகம், பஞ்சருக்கு முதல் காரணம் அதுதான். சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் கிளப்பி, டியூப்பை எடுங்கள். புது டியூப்பைப் போடும் முன், டயரின் உட்புறத்தைத் துணியால் முழுச்சுற்றும் தடவிப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். இதைச் செய்யாமல் டியூப்பை மட்டும் மாற்றினால், ஐந்தே நிமிடத்தில் அதே இடத்தில் மறுபடி பஞ்சர். ஒட்டுவதாக இருந்தால், ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, அதன் பளபளப்பு மங்கும் வரை, அதாவது மூன்று நான்கு நிமிடம், காத்திருந்து ஒட்டுங்கள். ஈரமாக ஒட்டுவதால்தான் பேட்ச் பிய்ந்து வருகிறது.

மதியமும் மாலையும்

பதினொன்று முதல் மூன்றரை வரை சாலையில் இருக்காதீர்கள், கரைகளில் நிழல் குறைவு. மோர், இளநீர், அளவான சாப்பாடு. கோட்டைமேட்டுப் பிரியாணி ஆசை இருந்தால் இரவுக்குத் தள்ளிவையுங்கள்.

நான்கு மணிக்கு உக்கடத்திலிருந்து மேம்பாலத்தைத் தவிர்த்துக் கீழ்ச்சாலையில் ஆத்துப்பாலம். அங்கே சாலை இரண்டாகப் பிரியும்: ஒன்று பாலக்காட்டுக்கு, மற்றது பொள்ளாச்சிக்கு. நமக்குப் பொள்ளாச்சி சாலை. உக்கடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் குறிச்சி குளம், தமிழ் எழுத்துகளால் ஆன திருவள்ளுவர் சிலை. சைக்கிளைப் பூட்டும்போது சக்கரத்தை மட்டும் பூட்டாமல், ஃபிரேமையும் சேர்த்துக் கம்பியோடு பூட்டுங்கள். குளத்துக்கு அப்பால் மலைத்தொடரில் வெயில் இறங்கும். இருட்டும் முன்பே இரண்டு விளக்குகளையும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பொள்ளாச்சி சாலையில் மாலை நெரிசல் கடுமை.

வீட்டுக்கு வந்ததும் டயரைச் சுற்றி ஒரு முறை பார்த்து, குத்தி நிற்கும் முட்களைப் பிடுங்கிவிடுங்கள். டியூப் வரை போகாத முள் மறுநாள் மிதிக்கும்போதுதான் உள்ளே இறங்கும். செயினை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.