முதுமாணி மாணவருக்கு மூன்று புரொஜெக்ட் போதும்

கணினி விஞ்ஞானத்தில் முதுமாணி செய்கிறீர்கள், கிழமை நாளில் வேலை, சனி ஞாயிறில் விரிவுரை, இதற்கிடையில் கோட் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் இருபது முப்பது ரெப்போ (ஒவ்வொரு புரொஜெக்ட்டின் கோப்புகளும் இருக்கும் இடம்) சேர்ந்திருக்கும். பாதி அசைன்மென்ட், மீதி யூடியூப் பார்த்துச் செய்தவை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த லிங்க்கை அப்படியே சிவியில் போட்டு அனுப்பாதீர்கள். ப்ரொஃபைலில் மேலே தெரியும்படி 6 ரெப்போ வரை பின் பண்ணலாம்தான், ஆனாலும் மூன்று போதும். அந்த மூன்றும் ஓட வேண்டும், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

எதைச் செய்வது? வாசலில் இறங்கிப் பாருங்கள். கொழும்பில் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பாணந்துறைக்கும் 101 மொறட்டுவைக்கும் ஓடுகின்றன, ஹைலெவல் வீதியில் 138. வெள்ளவத்தையிலிருந்து மஹரகமவுக்கு எங்கே பஸ் மாறுவது என்று சொல்லும் சின்னப் புரோகிராம் ஒன்றை எழுதுங்கள். ஆகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்க 1959இல் வெளிவந்த டைக்ஸ்ட்ராவின் வழிமுறையே போதும், ஆனால் தூரத்தை மட்டும் கொடுத்தால் நாலு தடவை பஸ் மாறச் சொல்லிவிடும், அப்படி யாரும் போவதில்லை. அதனால் மாறுவதற்கும் ஒரு செலவு வைக்க வேண்டும். அதற்குத் தரிப்பை மட்டும் பார்த்தால் காணாது, தரிப்பும் பஸ் இலக்கமும் சேர்ந்ததை ஒரு கணுவாக (பாதை வரைபடத்தில் ஒரு புள்ளியாக) எடுக்க வேண்டி வரும். இந்த இடத்தில் நீங்கள் மண்டையை உடைத்ததைத்தான் நேர்முகத்தில் கேட்பார்கள்.

தமிழில் பெயர் காட்டினால் இன்னொரு விஷயம் வரும். ‘வெள்ளவத்தை’ நமக்கு 6 எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 10, புள்ளியையும் கொம்பையும் அது தனித்தனியாக எண்ணும். பெட்டி சிறியது என்று ஒன்பதில் வெட்டினால் திரையில் ‘வெள்ளவத்த’ என்று நிற்கும். இதைக் கண்டுபிடித்துத் திருத்தி, அதற்கு ஒரு டெஸ்ட்டும் எழுதி வைத்தவரை எனக்கு உடனே பிடித்துவிடும்.

சரி, ரீட்மி, அதாவது ரெப்போவைத் திறந்ததும் தெரியும் விளக்கக் கோப்பு. முதலில் ஒரு ஸ்கிரீன்ஷொட், அடுத்து எப்படி ஓட்டுவது, பிறகு எதை ஏன் தேர்ந்தீர்கள், எது இன்னும் சரிவரவில்லை. ‘நேர அட்டவணை சேர்க்கவில்லை, இரவு பஸ் இல்லாத வழியையும் காட்டும்’ என்று நேராக எழுதுங்கள், ஒளிக்க வேண்டாம். குழுவாகச் செய்தது என்றால் உங்கள் பங்கு எது என்று ஒரு வரி கட்டாயம். அசைன்மென்ட்டைப் பொதுவில் போட முதல் விரிவுரையாளரிடம் கேளுங்கள்.

மேப் சேவையின் ஏபிஐ கீயை (அந்தச் சேவையைப் பாவிக்க உங்களுக்குத் தரும் இரகசியக் குறியீட்டை) கோட்டுக்குள் எழுதிவிட்டு, அடுத்த கமிட்டில் (மாற்றத்தைச் சேமிக்கும் பதிவில்) அழித்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். அந்தக் கீயை ரத்துச் செய்து புதிதாக எடுக்க வேண்டும். மாதிரித் தரவுக்கு நண்பர்களின் அடையாள அட்டை இலக்கத்தையும் போடாதீர்கள். அதிலிருந்து பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும்.

லைவ் லிங்க் ஒன்று இருந்தால் நல்லது. ஒரு நேர்முகத்தில் என் லிங்க்கைத் திறந்தார்கள், இலவச சேர்வர் தூங்கிப் போயிருந்ததால் வெள்ளைத் திரைதான் வந்தது, அது எழும்புவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள், இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது. சேர்வர் தேவையில்லாத புரொஜெக்ட் என்றால் கிட்ஹப் பேஜஸில் இலவசமாகப் போடலாம், அந்தத் தூக்கம் அங்கே இல்லை.

அனுப்ப முதல் நண்பர் ஒருவரின் லப்டொப்பில் ரீட்மியை மட்டும் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் பேசாமல் இருங்கள். அவர் உங்களிடம் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் ரீட்மியில் ஒரு வரி சேருங்கள்.