அடுப்படிச் சுவரில் கண்ணாடி மொசைக்

அடுப்பு மேடைக்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள இரண்டடி உயரச் சுவர்தான் முதன்முதலாக மொசைக் ஒட்டுகிறவருக்கு ஏற்ற இடம். நின்றபடியே வேலை செய்யலாம், சாரம் வேண்டாம். எங்கள் வீட்டில் வெளிர்பச்சைக் கண்ணாடிச் சில்லுகளை நானே ஒட்டினேன்.

பெயின்ட் இருந்தால் சுரண்டி, உளியால் கொத்திவிடுங்கள். தட்டும்போது பொள்ளென்று ஒலிக்கும் பூச்சை உடைத்து மறுபடி பூசிக் காயவிட வேண்டும். சின்னச் சில்லுகள் சுவரின் மேடுபள்ளத்தை அப்படியே காட்டிக் கொடுக்கும்.

சிமென்ட் பாலே போதும் என்பார்கள். கேட்காதீர்கள். கண்ணாடி தண்ணீரை உறிஞ்சாது, வெறும் சிமென்டில் பிடிப்பு நிற்காது. கண்ணாடி மொசைக்குக்கு என்று மூட்டையில் போட்டிருக்கும் டைல் பசையை வாங்குங்கள், அதுவும் வெள்ளையில். சாம்பல் பசை கண்ணாடி வழியாகத் தெரிந்து நிறத்தையே மங்கடித்துவிடும்.

சில்லுகள் தனித்தனியாக அல்ல, பின்னால் வலையில் ஒட்டிய ஷீட்டுகளாக வரும். ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, அந்த ஷீட்டுகளை முதலில் தரையில் பரப்பிப் பாருங்கள். ஸ்விட்ச் போர்டு வரும் இடத்தில் மெயினை அணைத்துவிட்டு, பின்னால் உள்ள வலையைக் கத்தியால் வெட்டிக்கொள்ளலாம். பசையைப் பல் கரண்டியால் (ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய கரண்டி) இழுத்து, அப்புறம் அதன் தட்டைப் பக்கத்தால் வரிகளை லேசாக அமுக்குங்கள். இல்லையென்றால் வரி வரியாகத் தெரியும். இரண்டு மூன்று ஷீட்டுக்கு வேண்டியதை மட்டும் பூசுங்கள். மேலே ஆடை கட்டினால் ஒட்டாது.

வேலையின் நேர்த்தி முழுக்க ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. சில்லுகளுக்கு நடுவே என்ன இடைவெளியோ, ஷீட்டுகளுக்கு நடுவிலும் அதேதான் இருக்க வேண்டும். மயிரிழை கூடினாலும் சுவரில் கட்டம் கட்டமாகத் தெரியும். பசை ஈரமாக இருக்கும்போதே இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கோணினால் ஷீட்டை இழுக்காமல், ஓரச் சில்லுகளை விரலால் ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். பிறகு தட்டைக் கட்டையை வைத்து மெதுவாகத் தட்டி, இடுக்கில் பிதுங்கும் பசையைக் குச்சியால் எடுத்துவிடுங்கள்.

ஒரு நாள் காயட்டும். பிறகு சில்லுகளின் இடுக்கை நிரப்பும் க்ரௌட் போட வேண்டும். அடுப்புக்குப் பின்னால் எபாக்சி என்ற பிசினால் ஆன க்ரௌட்தான் என் தேர்வு. தாளிக்கும் எண்ணெயையும் மஞ்சளையும் அது குடிக்காது. சீக்கிரம் இறுகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ரப்பர் பலகையால் சாய்வாகத் தள்ளி நிரப்பி, உடனுக்குடன் துடையுங்கள். மேடைக் கல்லும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் க்ரௌட் வேண்டாம், அங்கே வெடிக்கும். ரப்பர் போல வளைந்து கொடுக்கும் சிலிக்கோன் சீலன்ட் போடுங்கள்.